ஏழு பேர், ஓர் ஊழியர், ஒரு காகிதம்: அமெரிக்க ஸ்கூல் போர்டு எப்படி இயங்குகிறது?

2022 பிப்ரவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் மூன்று பேரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மூவரும் நகரத்தின் ஸ்கூல் போர்டு உறுப்பினர்கள், மாதம் 500 டாலர் படி வாங்கிக்கொண்டு பள்ளி நிர்வாகம் பார்த்தவர்கள். அந்த நகரத்தில் அதற்கு முன் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது 1983-இல், அன்றைய மேயர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு எதிராக. அவர் தப்பித்துவிட்டார். இந்த மூவரும் தப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் எதிராக 69 முதல் 76 விழுக்காடு வரை வாக்குகள் விழுந்தன.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் பார்ப்பவருக்கு முதல் கேள்வியே வேறு. பள்ளிக்கூடம் நடத்தத் தேர்தலா? கல்வித் துறை எங்கே போயிற்று? அமெரிக்காவில் குடியேறி, பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழர்களுக்கும் இது பாதிதான் புரிந்திருக்கும். வருடா வருடம் தெருவோரப் பலகைகளில் பெயர்கள் முளைக்கும், நள்ளிரவு வரை நீளும் கூட்டங்களின் வீடியோ சுற்றிவரும், அவ்வளவுதான். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

'போர்டு' எந்தப் போர்டு, 'மாவட்டம்' எந்த மாவட்டம்

நமக்குப் போர்டு என்றால் ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. போர்டு. பாடத்திட்டம் போடுவதும் தேர்வு நடத்துவதும் அவற்றின் வேலை. அமெரிக்காவின் ஸ்கூல் போர்டு தேர்வு எதுவும் நடத்துவதில்லை. அது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்க, அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு நடத்திய 'போர்டு ஹைஸ்கூல்' என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருந்தால், அதுதான் இதற்கு ஓரளவு நெருங்கிய உறவு. ஆனால் ஜில்லா போர்டுக்குச் சாலை, மருத்துவமனை என்று பல வேலைகள் இருந்தன. ஸ்கூல் போர்டுக்குப் பள்ளி மட்டும்தான்.

பள்ளி மாவட்டம் என்பதிலும் ஒரு சிக்கல். அது வருவாய் மாவட்டமும் இல்லை, நகராட்சியும் இல்லை. தனி எல்லை, தனி வரவு செலவு, தனித் தேர்தல் கொண்ட ஓர் அரசு அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. எல்லைகள் ஊர்ப் பெயரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் கிடையாது. கலிபோர்னியாவின் கூபர்டினோவில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், அதற்கு மேல் இன்னொன்று. அந்த இன்னொன்றின் பெயர் 'ஃப்ரிமாண்ட் யூனியன்'. ஆனால் தமிழர்கள் நிறைய வாழும் ஃப்ரிமாண்ட் நகருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த நகரின் மாவட்டம் 'ஃப்ரிமாண்ட் யூனிஃபைட்'. சான் ஹோசே முகவரியில் இருக்கும் சில வீடுகள் கூபர்டினோ பள்ளிகளுக்குள் வரும். வீடு வாங்கும்போது தரகர் முதலில் பள்ளி எல்லையைப் பற்றிப் பேசுவது இதனால்தான். பெயரில் 'யூனிஃபைட்' என்று இருந்தால் தொடக்கப் பள்ளி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே மாவட்டம் என்று பொருள்.

இந்த ஏற்பாடு பழையது. அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. அதனால் அது மாநிலங்களின் பொறுப்பாயிற்று, மாநிலங்கள் ஊர்களிடம் விட்டன. அரசியலமைப்புக்கு வெகு முன்பே, 1647-இல், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். நியூயார்க் நகரில் 2002 முதல் பள்ளிகள் மேயரின் கையில். சிகாகோவில் 1995 முதல் மேயர் நியமித்த போர்டு. மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்புவது 2024 நவம்பரில்தான் தொடங்கியது.

போர்டின் கையில் என்ன இருக்கிறது

சான் பிரான்சிஸ்கோ போர்டில் ஏழு உறுப்பினர்கள், நான்காண்டுப் பதவி, நகரம் முழுவதும் ஒரே தொகுதி. மாவட்டத்தில் சுமார் 50,000 மாணவர்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள். இத்தனை ஊழியர்களில் போர்டுக்கு நேரடியாகக் கீழ்ப்படிபவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்: சூப்பரிண்டெண்டண்ட். நம் ஊர்க் கணக்கில் முதன்மைக் கல்வி அலுவலர் மாதிரி. ஆனால் அவரை நியமிப்பதும் வேலையை விட்டு அனுப்புவதும் போர்டுதான். தலைமையாசிரியரைக் கூப்பிட்டு உத்தரவு போட எந்தப் போர்டு உறுப்பினருக்கும் உரிமை கிடையாது. தனி உறுப்பினருக்கு அதிகாரமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் பெரும்பான்மையாகக் கை தூக்கினால்தான் அதிகாரம் பிறக்கிறது.

அப்படிக் கை தூக்கி எவற்றைத் தீர்மானிக்கலாம்?

1. சூப்பரிண்டெண்டண்டின் நியமனம், சம்பளம், ஆண்டு மதிப்பீடு, நீக்கம்.
2. ஆண்டு வரவு செலவுத் திட்டம். ஜூன் 30-க்குள் நிறைவேற்றியாக வேண்டும்.
3. ஆசிரியர் சங்கத்துடனான ஊதிய ஒப்பந்தம். செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் உண்மையான பட்ஜெட் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.
4. கொள்கைகள்: மாணவர் சேர்க்கை விதி, பள்ளி எல்லை, நாட்காட்டி, பாடநூல் தேர்வு, பள்ளியின் பெயர். வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை உயர்நிலைப் பள்ளியின் அயல்மொழிக் கணக்கில் ஏற்கலாமா என்பதும் மாவட்ட அளவிலான முடிவுதான்.
5. பள்ளி திறப்பு, மூடல், இணைப்பு.

எந்த வகுப்பில் என்ன கற்றிருக்க வேண்டும் என்ற தர வரையறை மாநிலத்தினுடையது. சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளின் உரிமை 1975-ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டத்திலிருந்து வருகிறது. இவற்றில் போர்டு கை வைக்க முடியாது. ஆனால் கூட்டத்துக்கு வந்து கத்துபவர்களில் பாதிப்பேர் இவற்றைப் பற்றித்தான் கத்துகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது

'சொத்து வரியில்தான் பள்ளி ஓடுகிறது, அதனால் பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். நாடு முழுவதற்கும் அது பாதி உண்மை. உள்ளூர் வரியும் மாநில நிதியும் ஏறக்குறைய சம பங்கு; ஒன்றிய அரசு தருவது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கலிபோர்னியாவுக்கு அந்த வாக்கியம் பொருந்தவே பொருந்தாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1971-இல் செர்ரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், குழந்தையின் கல்வி அது வாழும் ஊரின் சொத்து மதிப்பைப் பொறுத்து அமையக் கூடாது என்றது. 1978-இல் வாக்காளர்கள் 'முன்மொழிவு 13'-ஐ நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மதிப்பையும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, வீடு கை மாறினால் தவிர. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஐந்து மடங்கு வித்தியாசத்தில் வரி கட்டும் விநோதம் இதிலிருந்து வந்தது. வரியை ஏற்றும் அதிகாரம் போர்டின் கையை விட்டுப் போனது. பணம் பிரித்துக் கொடுக்கும் வேலை மாநிலத் தலைநகரான சேக்ரமெண்டோவுக்கு இடம் பெயர்ந்தது.

2013 முதல் நடைமுறையில் இருக்கும் சூத்திரம் இப்படி: தலைக்கு ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புக் காப்பில் இருக்கும் பிள்ளை என்றால் அதற்கு மேல் 20 விழுக்காடு. அப்படிப்பட்ட பிள்ளைகள் மாவட்டத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டினால் இன்னும் கூடுதல். தலைக்கு என்றால் பெயர் எழுதிய தலை இல்லை, வகுப்புக்கு வந்த தலை. சராசரி வருகைதான் கணக்கு. ஒரு பிள்ளை ஒரு மாதம் சென்னைக்குப் போய்த் தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் பள்ளி மாவட்டத்துக்கு உண்மையாகவே பணம் குறைகிறது. பள்ளி அலுவலகம் விடுப்புக் கடிதத்தில் அவ்வளவு கறாராக இருப்பதன் ரகசியம் இது. சூத்திரம் சொல்லும் தொகையைவிட உள்ளூர்ச் சொத்து வரியே அதிகம் வரும் ஊர்களுக்கு விதிவிலக்கு உண்டு. மிச்சத்தை அவை வைத்துக்கொள்ளலாம். பாலோ ஆல்டோ அப்படிப்பட்ட ஊர்.

போர்டு தானாகத் தேடிக்கொள்ளக்கூடிய பணம் இரண்டு வகை. கட்டடக் கடன் பத்திரத்துக்கு 55 விழுக்காடு வாக்கு கிடைத்தால் போதும். ஆனால் அந்தப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மனைக்கு இவ்வளவு என்று போடும் வரியில் சம்பளம் கொடுக்கலாம். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். புதுக் கட்டடம் பளபளவென்று நிற்க, உள்ளே இசை ஆசிரியர் இல்லாமல் இருப்பது இந்த விதிகளின் விளைவு.

அஜெண்டா என்ற காகிதம்

1953-இல் வந்த கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம், உள்ளூர் அமைப்புகள் மூடிய அறைக்குள் முடிவெடுப்பதைத் தடுக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாக நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தை அன்று விவாதித்து முடிவெடுக்கக் கூடாது. ஏழு பேரில் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அதுவும் சட்டவிரோதக் கூட்டம்தான்.

பெற்றோர் ஒருவர் இரண்டு நிமிடம் மனம் உருகிப் பேசிய பிறகும் ஏழு பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். நிரலில் இல்லாததைப் பற்றிப் பேசினால் அவர்கள் உரையாடலில் இறங்கக் கூடாது என்பது விதி. எல்லா மௌனமும் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிரலில் இரண்டு பகுதிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒன்று மூடிய அமர்வு: ஊழியர் விவகாரம், வழக்கு, சங்கப் பேச்சுவார்த்தை, மாணவர் ஒழுங்கு நடவடிக்கை போன்றவை இங்கே. இன்னொன்று 'கன்சென்ட் காலண்டர்'. விவாதம் தேவையில்லை என்று கருதப்படும் இனங்களை, அதாவது நிரலில் எண்ணிட்டு வரும் விஷயங்களை, ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றுவார்கள். பேருந்து ஒப்பந்தம், மென்பொருள் கொள்முதல், ஆலோசகர் கட்டணம் என்று பல லட்சம் டாலர் இனங்கள் இந்த மூட்டையில் போகும். ஒரு போர்டு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அது ஆவேசமாக விவாதிப்பதை விட, மூட்டையிலிருந்து எதை வெளியே எடுத்துக் கேள்வி கேட்கிறது என்று பார்க்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது

இனி 2021-க்கு வரலாம். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடி ஏறத்தாழ ஒரு வருடம். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்திருந்தார்கள். அப்போது வரிசையாக நடந்தவை:

1. ஜனவரி 26: 44 பள்ளிகளின் பெயரை மாற்ற 6-1 என்று வாக்கு. வாஷிங்டன், லிங்கன் பெயர்களும் பட்டியலில். பெயர் மாற்றத்தில் ஒரு நியாயம் இருந்ததா என்பது தனி விவாதம். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதுதான் போர்டைக் கவிழ்த்தது. 1779-இல் பிரிட்டிஷாருக்கு எதிராக நடந்த பெனாப்ஸ்காட் கடற்படைப் பயணத்தை, பெனாப்ஸ்காட் பழங்குடிகளின் நிலத்தைப் பறிக்கப் போனது என்று தவறாகப் புரிந்துகொண்டு, அதில் கலந்துகொண்ட அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர் பால் ரெவியரின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். வரலாற்றாசிரியர்களைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

2. பிப்ரவரி 3: பள்ளிகளைத் திறக்கத் திட்டம் இல்லை என்று சொல்லி நகர அரசே பள்ளி மாவட்டத்தின் மீது வழக்குப் போட்டது. இரண்டும் தனித்தனி அரசுகள் என்பதால் இது சாத்தியம். மேயர் லண்டன் ப்ரீடால் திறக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும்.

3. அதே பிப்ரவரி: மதிப்பெண்ணும் தேர்வும் பார்த்துச் சேர்க்கும் லோவெல் உயர்நிலைப் பள்ளிக்கு நிரந்தரமாகக் குலுக்கல் முறை, 5-2 என்ற வாக்கில். ஆசிய வம்சாவளி மாணவர்கள் பாதிக்கு மேல் படிக்கும் பள்ளி அது. சீன அமெரிக்கக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

4. மார்ச்: துணைத் தலைவர் அலிசன் காலின்ஸ் 2016-இல் ஆசிய அமெரிக்கர்களைப் பற்றி எழுதிய ட்வீட்கள் வெளியே வந்தன. சக உறுப்பினர்கள் அவருடைய பதவிப் பொறுப்பைப் பறித்தார்கள். அவர் தன் சொந்த மாவட்டத்தின் மீதும் சக உறுப்பினர்கள் மீதும் 8.7 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஆகஸ்டில் அது தள்ளுபடியானது.

5. ஆண்டு இறுதி: 12.5 கோடி டாலர் பற்றாக்குறை. மாநிலம் நிதி நிபுணர்களை அனுப்பியது.

பிப்ரவரியிலேயே இரண்டு பெற்றோர்கள் ரீகால், அதாவது திரும்ப அழைக்கும் இயக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர். பதிவு பெற்ற வாக்காளர்களில் 10 விழுக்காடு, அதாவது 51,325 கையெழுத்து தேவை. அதற்கு வெகு மேலாகவே சேர்ந்தது. ஏழு பேரில் ஏன் மூவர் மட்டும்? மற்ற நால்வரும் 2020 நவம்பரில் தேர்வானவர்கள். புதிதாகப் பதவிக்கு வந்தவர் மீது ஆறு மாதம் ரீகால் தொடங்க முடியாது. காப்ரியேலா லோபெஸ், காலின்ஸ், ஃபாவுகா மொலிகா ஆகியோர் சிக்கியது பாதி கோபத்தால், பாதி காலண்டரால்.

இந்த இரண்டு பெரிய முடிவுகளும் அஜெண்டாவில் இடறின. பெயர் மாற்றத்தில் பிரவுன் சட்டம் மீறப்பட்டதாக வழக்கு வந்து, நீதிமன்றம் விளக்கம் கேட்டதும் ஏப்ரலில் போர்டு தானே பின்வாங்கியது. லோவெல் தீர்மானத்தின் தலைப்பு பள்ளியில் நிலவும் இனவெறியைப் பற்றிப் பேசியது. சேர்க்கை முறை நிரந்தரமாக மாறப்போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2021 நவம்பரில் நீதிபதி அதை ரத்து செய்தார். அடுத்த ஜூனில் புதிய போர்டு 4-3 என்ற வாக்கில் பழைய மதிப்பெண் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. குலுக்கல் சரியா தவறா என்பதை நீதிமன்றம் தொடவே இல்லை. நிரலை ஒழுங்காக எழுதியிருந்தால் குலுக்கல் நிலைத்திருக்கலாம்.

பணம் தீர்ந்தால் போர்டும் தீரும்

காலியிடங்களை நிரப்பும் முறை ஊருக்கு ஊர் வேறு. சான் பிரான்சிஸ்கோவில் அது மேயரின் உரிமை. ப்ரீட் மூவரை நியமித்தார். அதே ஆண்டு நவம்பர்த் தேர்தலில் இருவர் ஜெயித்தார்கள், ஒருவர் தோற்றார்.

ஆள் மாறினால் கணக்கு மாறிவிடாது. கலிபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இருமுறை நிதிநிலை அறிக்கை தர வேண்டும். இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் கடமையைச் செலுத்த முடியும் என்றால் 'பாசிட்டிவ்', முடியாமல் போகலாம் என்றால் 'குவாலிஃபைட்', இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ நிச்சயம் முடியாது என்றால் 'நெகட்டிவ்'. வழக்கமாக இதைப் பார்ப்பது கவுண்டி (நம் வருவாய் மாவட்டம் மாதிரியான பிரிவு) கல்வி அலுவலகம். சான் பிரான்சிஸ்கோவில் நகரமும் கவுண்டியும் ஒன்று, பள்ளி மாவட்டமும் ஒன்றே ஒன்று. அதனால் மாநிலமே நேரடியாகக் கண்காணிக்கிறது. 2024-இல் மாவட்டம் 'நெகட்டிவ்' நிலைக்கு இறங்கியது. போர்டின் நிதி முடிவுகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் மாநில ஆலோசகர்களுக்கு வந்தது.

இதற்கு அடுத்த படி என்னவென்று தெரிந்துகொள்ள விரிகுடாவைக் கடந்து ஓக்லாந்துக்குப் போனால் போதும். 2003-இல் அந்த மாவட்டம் மாநிலத்திடம் 10 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கியது. கடனோடு மாநிலம் அனுப்பிய நிர்வாகியும் வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு பல ஆண்டுகள் அதிகாரம் ஏதும் இல்லாமல், வெறும் ஆலோசனைக் குழுவாக உட்கார்ந்திருந்தது.

அந்த நிலை வராமல் இருக்கத்தான் 2024 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ சூப்பரிண்டெண்டண்ட் மேட் வெய்ன் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடவோ இணைக்கவோ ஒரு பட்டியல் வெளியிட்டார். மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் நகரத்தில் கணக்கு அவர் பக்கம் இருந்தது. ஆனால் அது மேயர் தேர்தல் நெருங்கிய நேரம். பெற்றோர்கள் கொதித்தார்கள், மேயர் நம்பிக்கை இல்லை என்றார். சில நாட்களில் வெய்ன் பதவி விலகினார், பட்டியல் கிடப்பில் போனது, மரியா சூ பொறுப்புக்கு வந்தார். பற்றாக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு என்ன இடம்

சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2016-இல் 'முன்மொழிவு என்' என்பதை நிறைவேற்றினார்கள். அதன்படி நகரத்தில் வசிக்கும், 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெற்றோர் அல்லது காப்பாளர், குடியுரிமை இல்லாவிட்டாலும் ஸ்கூல் போர்டு தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். எச்1பி விசாக்காரருக்கும் பொருந்தும். 2022 ஜூலையில் ஒரு நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் முதல் முறையாக இது நடைமுறைக்கு வந்த 2018 தேர்தலில் பதிவு செய்தவர்கள் நூறைக்கூட எட்டவில்லை. காரணம் பதிவுப் படிவத்தோடு வரும் எச்சரிக்கையிலேயே இருக்கிறது: நீங்கள் தரும் பெயரும் முகவரியும் குடியேற்றத் துறையின் கைக்குப் போகலாம் என்று நகரத் தேர்தல் துறையே சொல்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பதிவும் செய்ய வேண்டும். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள் என்பதே அங்கு பொதுவான அறிவுரை.

ஃப்ரிமாண்டிலோ சன்னிவேலிலோ இருப்பவர்களுக்கு இந்த வாக்குரிமை கிடையாது. ஆனால் பிரவுன் சட்டத்தின்படி கூட்டத்துக்கு வருபவரிடம் பெயரைப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்ல முடியாது. பேசுவதற்குக் குடியுரிமையும் வேண்டாம். 72 மணி நேரம் முன்பே நிரல் வந்துவிடும். உங்கள் விஷயம் எத்தனையாவது இனம் என்று பார்த்து, அந்த இன எண்ணைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால், போர்டு உறுப்பினர்கள் பதில் சொல்ல அனுமதி உள்ள நேரத்தில் பேசியவராவீர்கள்.